பி0171 வந்தால் ஆக்சிஜன் சென்சார் போய்விட்டது என்று அர்த்தமா?

சேலத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், 88,000 கிலோமீட்டர் ஓடியது. செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டியதும் பி0171 என்று பழுதுக் குறியீடு (கோடு) வந்திருக்கிறது. "ஆக்சிஜன் சென்சார் வீக் சார், மாத்திடலாம், 8,500 ஆகும்" என்று சொல்லிவிட்டார்கள். சந்தேகப்பட்டு நீங்களே ஒரு புளூடூத் ஓபிடி அடாப்டர் (வண்டியின் கம்ப்யூட்டர் தரும் எண்களை ஃபோனில் காட்டும் கருவி) வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு ஆக்சிஜன் சென்சாரில் இன்ஜின் பக்கம் உள்ள முன் சென்சார் 0.1, 0.2 வோல்ட்டிலேயே கிடக்கிறது. ஃபியூயல் டிரிம்மில், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கில், லாங் டெர்ம் +22, ஷார்ட் டெர்ம் +8. மைலேஜ் 17-லிருந்து 13-க்கு இறங்கிவிட்டது. சைலன்சர் வாய் கறுத்திருக்கிறது. போகிற போக்கில், பின் சென்சார் மட்டும் 0.75, 0.8 என்று நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்சாரை மாற்றலாமா என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இருக்கும் கேள்வி வேறு: இன்ஜின் நிஜமாகவே லீனாக (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) ஓடுகிறதா, இல்லை லீனாக ஓடுவதாக முன் சென்சார் தப்பாகச் சொல்கிறதா? இதற்குப் பதில் தெரிந்தால் 8,500 செலவழிக்கலாமா என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கார்புரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்த நாளிலிருந்து பெட்ரோல் வண்டிகளின் எலக்ட்ரிக்கல் பக்கம்தான் என் வேலை. டீசலில் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, அதனால் கீழே எழுதுவது எதையும் டீசலுக்குப் பொருத்த வேண்டாம். வண்டியைத் தொடாமல் சொல்வதால் 'இதுதான் பழுது' என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்த எண்களிலேயே விஷயம் நிறைய இருக்கிறது.

முதலில் கோடு. பி0171 என்றால் 'பேங்க் ஒன்று (முதல் சிலிண்டர் வரிசை), கலவை ரொம்ப லீன்' என்று மட்டும்தான் பொருள். கலவையில் பெட்ரோல் குறைவு, நான் எவ்வளவு கூட்டியும் சரியாகவில்லை என்று ஈசியூ கைவிரிக்கிறது. சென்சார் பழுது என்று அது சொல்லவில்லை. சென்சார் மேலேயே சந்தேகம் வந்தால் ஈசியூ போடும் கோடுகள் வேறு: பி0131 என்றால் வோல்டேஜ் குறைவு, பி0133 என்றால் மெதுவாக வேலை செய்கிறது, பி0134 என்றால் அசைவே இல்லை, பி0135 என்றால் ஹீட்டர் சர்க்யூட். பி0171-ஐப் பார்த்தவுடன் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் எய்தவன் இருக்க அம்பை நோகும் வேலை. உங்கள் வண்டியில் மட்டும் அம்பு மேலேயே குற்றம் இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தச் சென்சார் தானே வோல்டேஜ் உண்டாக்கும் ரகம். உள்ளே விரல் நுனி அளவுக்கு ஜிர்கோனியா பீங்கான், இரண்டு பக்கமும் பிளாட்டினம் பூச்சு. ஒரு பக்கம் வெளிக்காற்று படும், மறுபக்கம் புகை படும். 300 டிகிரிக்கு மேல் சூடானதும் இரண்டு பக்கத்து ஆக்சிஜனுக்கும் உள்ள வித்தியாசம் வோல்டேஜாக வெளியே வருகிறது. புகையில் ஆக்சிஜன் இல்லை, அதாவது ரிச் (பெட்ரோல் அதிகம்) என்றால் 0.8, 0.9 வரும். ஆக்சிஜன் மிச்சம் இருந்தால், அதாவது லீன் என்றால் 0.1 வரும். நடுக்கோடு 0.45. முன் சென்சார் நன்றாக இருந்தால் ஒரு நிலையில் நிற்கவே நிற்காது. ஈசியூ கொஞ்சம் கூட்டும், உடனே மேலே போகும். கொஞ்சம் குறைக்கும், உடனே கீழே வரும். இந்த ஊஞ்சலாட்டம்தான் அதன் ஆரோக்கியம். 1976-ல் வால்வோ கார்களில் பாஷ் நிறுவனத்தின் சென்சார் முதன்முதலாக வந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை. ஹீட்டர் சேர்ந்தது, பீங்கான் தட்டையானது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. வோல்டேஜ் வந்தால் ரிச், வராவிட்டால் லீன் என்பதுதான் ஈசியூவுக்குத் தெரிந்த பாஷை. செத்துப்போன சென்சாரும் வோல்டேஜ் தராது. சூடாகாத சென்சாரும் தராது. சிக்னல் ஒயர் உரசி பாடியில் தொட்டாலும் வோல்டேஜ் இல்லை. பல வண்டிகளில் இவை ஈசியூ கண்ணுக்கு 'லீன்'தான். உடனே அது பெட்ரோலைக் கூட்டும், சென்சார் அசையாது, இன்னும் கூட்டும். முடியாத கட்டம் வந்ததும் பி0171 போடும். நிஜமாக லீனாக ஓடும் இன்ஜினிலும் இதே கோடு, இதே +22 வரும். அதனால் கோடும் டிரிம்மும் மட்டும் போதாது, வெளியே இருந்து ஒரு சாட்சி வேண்டும்.

உங்கள் மைலேஜ்தான் அந்தச் சாட்சி. 17-ஐ 13-ஆல் வகுத்துப் பாருங்கள், 1.3 வரும். அதே தூரத்துக்கு 30 சதவீதம் அதிகப் பெட்ரோல் போகிறது. டிரிம் இரண்டையும் கூட்டினால் 22-உம் 8-உம் 30. நிஜமாகவே பெட்ரோல் பற்றாக்குறை இருந்து, உதாரணமாக டேங்க் பம்ப் பலவீனமாகியோ இன்ஜெக்டர் அடைத்தோ, ஈசியூ அந்தக் குறையை ஈடு கட்டியிருந்தால் +30 என்பது குழியை நிரப்பும் மண்தான். மேடு எழும்பாது, அதாவது மைலேஜ் இவ்வளவு விழாது. உங்கள் வண்டியிலோ கூட்டிய பெட்ரோல் முழுக்க உபரியாகத்தான் எரிகிறது போலிருக்கிறது. கறுத்த சைலன்சர் வாயும் அதையே சொல்கிறது. இரண்டும் இப்படி அச்சாகப் பொருந்தியது தற்செயலாகவும் இருக்கலாம். டிராஃபிக், ஏசி, டயர் காற்று என்று மைலேஜை ஆட்டிவைக்கும் சங்கதிகள் பல. ஆனால் நாலு கிலோமீட்டர் இறக்கத்தை அவற்றின் மேல் போட என் மனம் ஒப்பவில்லை.

'இ20 பெட்ரோல்தான் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) காரணம்' என்று யாராவது சொல்வார்கள், அதையும் பார்த்துவிடுவோம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. கலப்பில்லாத பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால், இ10-க்கு 14.1 அளவிலும் இ20-க்கு 13.5 அளவிலும் போதும். இதனால் பழைய கணக்கில் டியூன் செய்த வண்டியில் டிரிம் சில சதவீதம் பிளஸ் பக்கம் நகர்வது இயல்பு. எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் மைலேஜும் சற்றுக் குறையும். கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் 6, 7 சதவீதம், இ10-ஓடு ஒப்பிட்டால் அதில் பாதி. 17 இருந்தது 16 ஆனது என்றால் பெட்ரோலைக் குறை சொல்லலாம். 13-க்கு அது பதில் இல்லை. +22-க்கும் இல்லை.

அடுத்த சாட்சி நீங்கள் சாதாரணமாக எழுதிவிட்டுப் போன அந்தப் பின் சென்சார். முன்னதும் பின்னதும் ஒரே பைப்பில், ஒரே புகையைப் பார்க்கின்றன; நடுவில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் மட்டும்தான். முன் சென்சார் 'ஆக்சிஜன் நிறைய' என்கிறது, பின் சென்சார் 0.8 காட்டி 'ஆக்சிஜனே இல்லை' என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது. கன்வெர்ட்டர் நன்றாக இருந்து வண்டியும் சரியாக இருந்தாலும் பின் சென்சார் 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்கும் என்பதால், 0.8-ஐ மட்டும் வைத்து ரிச் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நிஜமாக லீனாக ஓடும் இன்ஜினில் பின் சென்சார் இவ்வளவு உயரத்தில் விடாமல் நிற்காது. அதனால் முன் சென்சார் சொல்வதை நான் நம்பவில்லை.

நம்பவில்லை என்பதற்காக உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். நல்ல சென்சாரையே ஏமாற்றும் காரணங்கள் இருக்கின்றன, அவற்றில் முக்கியமானது எக்ஸாஸ்ட் லீக். முன் சென்சாருக்கும் இன்ஜினுக்கும் நடுவே, புகையைச் சேர்த்து வெளியே எடுக்கும் மேனிஃபோல்டின் கேஸ்கெட் ஊதியிருந்தாலோ மேனிஃபோல்டில் விரிசல் இருந்தாலோ புகை வெளியே வருவது மட்டுமில்லை, ஒவ்வொரு துடிப்புக்கும் இடையில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். அந்தக் காற்று நேராக சென்சார் மூக்கில் பட்டால் அது லீன் என்றுதான் சொல்லும். சொல்வது உண்மைதான், ஆனால் அது இன்ஜின் விட்ட புகை இல்லை. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மேனிஃபோல்ட் பக்கம் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடேற ஏறக் குறைந்தால் அது லீக். இரும்பு விரிந்து ஓட்டையை அடைப்பதால்தான் சத்தம் அடங்குகிறது. கேஸ்கெட் ஓரத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள், லீக் இருந்தால் கறுப்புக் கோடு இழுத்திருக்கும். இன்னொரு அடையாளம்: ஐடிலில் 0.1-ல் கிடக்கும் வோல்டேஜ் 3,000 ஆர்பிஎம்மில் உயிர் வந்து ஆட ஆரம்பித்தால் லீக் மேல் சந்தேகத்தைக் கூட்டுங்கள். வேகம் கூடும்போது காற்று உள்ளே இழுக்க இடைவெளி குறைகிறது.

மிஸ்ஃபயரும் இப்படித்தான். ஒரு பிளக் சரியாக எரிக்காவிட்டால் அந்தச் சிலிண்டரின் ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும். எரியாத பெட்ரோலும் கூட வரும், ஆனால் சென்சாருக்கு பெட்ரோல் தெரியாது, ஆக்சிஜன்தான் தெரியும். உங்கள் வண்டி ஐடிலில் உதறுவதாக எழுதவில்லை, பி0300 வரிசைக் கோடும் இல்லை, அதனால் இதைப் பின்னால் தள்ளுகிறேன். காற்று உள்ளே போகும் இன்டேக் பக்கம் ஏர் லீக்கையும் அப்படியே. சின்ன பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் மேப் சென்சார்தான். காற்று எந்த வழியாக வந்தாலும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் கூடுவதை அது பார்த்துவிடும், ஈசியூவும் அதற்கேற்றபடி பெட்ரோல் கொடுத்துவிடும். அதனால் இந்த வண்டிகளில் ஏர் லீக் பெரும்பாலும் ஐடில் ஏறுவதாகத்தான் தெரியும், டிரிம் இவ்வளவு ஓடாது. அழுத்தத்துக்குப் பதில் உள்ளே போகும் காற்றையே அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் கதை வேறு.

அப்புறம் ஒயரிங். இதை நீங்களே பார்க்கலாம். இன்ஜின் ஆறியதும் முன் சென்சாரின் கப்ளரை (ஒயர் இணைப்பை) கழற்றுங்கள். சாவியை ஆன் செய்து, ஸ்டார்ட் செய்யாமல், அடாப்டரில் அதே வோல்டேஜைப் பாருங்கள். நிறைய வண்டிகளில் ஈசியூ தன் பக்கத்திலிருந்து 0.45 வோல்ட் கொடுத்து வைத்திருக்கும். கழற்றியதும் எண் அந்தப் பக்கம் ஏறினால் ஈசியூவிலிருந்து கப்ளர் வரை ஒயர் சரி. கழற்றிய பிறகும் 0.1-லேயே கிடந்தால் ஒயர் எங்கோ பாடியில் தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் எல்லாக் கம்பெனியும் இந்த 0.45-ஐக் கொடுப்பதில்லை. எண் ஏறாவிட்டால் உங்கள் மாடலின் சர்க்யூட் படத்தைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். இந்தச் சோதனை முடிந்ததும் புதுக் கோடு ஒன்று விழுந்திருக்கலாம், பயப்படாமல் அழித்துவிடுங்கள்.

கப்ளர் கையில் இருக்கும்போதே ஹீட்டரையும் பாருங்கள். நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும், அவைதான் ஹீட்டர். பாஷ் ரகத்தில் ஹீட்டர் இரண்டும் வெள்ளை, சிக்னல் கறுப்பு, கிரவுண்ட் சாம்பல். டென்சோ ரகத்தில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை கிரவுண்ட். கறுப்பு ஒயர் ஒரு ரகத்தில் சிக்னல், இன்னொரு ரகத்தில் ஹீட்டர் என்பதை மறக்காதீர்கள். ஹீட்டர் இரண்டு பின்னுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம்ஸ் பாருங்கள். ஆறிய நிலையில் ஏதாவது ஒற்றை இலக்கத்திலோ பத்துப் பதினைந்து ஓமுக்குள்ளோ காட்டும், சரியான அளவு மாடலுக்கு மாடல் மாறும். ஒன்றுமே காட்டாமல் ஓப்பன் என்று வந்தால் ஹீட்டர் அறுந்துவிட்டது, மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, சென்சார் மாற்ற வேண்டியதுதான். சிக்னல் ஒயரில் மட்டும் ஓம்ஸ் வைக்காதீர்கள், டெஸ்ட் லேம்பும் வேண்டாம். மீட்டரிலிருந்து போகும் கரண்டே அந்தப் பீங்கானைக் கெடுக்கும்.

ஒயர் சரி, ஹீட்டர் சரி, லீக் இல்லை என்றால் கடைசிச் சோதனைக்கு வருகிறோம். சென்சாருக்கு நிச்சயமான ரிச்சையும் நிச்சயமான லீனையும் நாமே காட்டி, சரியாகச் சொல்கிறதா என்று பார்ப்பது. ஒர்க்‌ஷாப்பில் இதற்கு இன்டேக்கில் கேஸ் விட்டு ரிச் செய்வோம். சூடான இன்ஜின் மேல் எரியும் வாயு என்பதால் வீட்டில் இதைச் செய்யவே வேண்டாம். உங்களுக்கு அது தேவையும் இல்லை, பக்கத்திலேயே ஏற்காடு மலைப்பாதை இருக்கிறதே. ஃபோனைப் பார்த்து எண்களைச் சொல்ல ஒருவரைப் பக்கத்து சீட்டில் உட்கார வையுங்கள், ஓட்டுபவர் பார்க்கக் கூடாது. இரண்டு கொண்டை ஊசிக்கு நடுவே ஏற்றம் நேராக இருக்கும் இடத்தில், வண்டி எதிரே இல்லாதபோது, இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். அந்த நேரத்தில் ஈசியூ டிரிம்மை விட்டுவிட்டுத் தானாகவே பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும், உங்கள் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். நல்ல சென்சார் 0.8-க்கு மேல் போய் அங்கேயே நிற்கும். திரும்பி இறங்கும்போது கியரிலேயே விட்டு, ஆக்சிலரேட்டரில் காலை எடுத்துவிடுங்கள். இன்ஜெக்டர் மூடிக்கொள்ளும், சைலன்சரில் போவது வெறும் காற்று. நல்ல சென்சார் 0.1-க்குக் கீழே வரும். ஏற்றத்திலும் 0.2, இறக்கத்திலும் 0.1 என்றால் அந்தச் சென்சார் செத்துவிட்டது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற்றத்தில் 0.85 தொட்டுவிட்டது என்றால் சென்சார் உயிரோடு இருக்கிறது, 8,500-ஐ வைத்துக்கொண்டு மேனிஃபோல்ட் பக்கம் போங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஏற்றத்தில் 0.5, 0.6 வரை மட்டும் ஏறினால்? தேய்ந்த சென்சார் பெரும்பாலும் இப்படித்தான் முழு உயரம் எட்டாமல் சுருங்கும். வெளிக்காற்று படும் பக்கத்தில் ஈரமோ புகையோ புகுந்தாலும் இதே மாதிரி இறங்கும். இந்த நிலையில் ஒரு மல்டிமீட்டரை நேராக சிக்னல் ஒயரின் பின்பக்கம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுவேன், ஏனென்றால் உங்கள் அடாப்டரை நான் முழுக்க நம்பவில்லை. விலை குறைந்த அடாப்டர்கள் ஈசியூவிடம் ஒவ்வொரு எண்ணாகக் கேட்டு வாங்குகின்றன. திரையில் பத்து மீட்டர் போட்டு வைத்தால் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு விநாடிக்கு ஒருமுறைதான் மாறும். சென்சார் விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடினாலும் உங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். முன் சென்சார் வோல்டேஜை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் நீக்கிவிட்டுப் பாருங்கள். அப்படிப் பார்த்தாலும் அடாப்டரை வைத்து உயரத்தைச் சொல்லலாம், வேகத்தைச் சொல்லக் கூடாது. சென்சார் மந்தமா என்பதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். அதில் ரிச்சிலிருந்து லீனுக்கு விழ 100 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டால் மந்தம் என்று வைத்துக்கொள்வோம்.

மலை ஏற மனமில்லை என்றால் இன்னொரு வழி, புகைப் பரிசோதனை நிலையம். பிஎஸ்-4 (இந்தியப் புகை விதியின் ஒரு கட்டம்) பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதமும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மும் வரம்பு. பின் சென்சார் இருப்பதால் உங்களுடையது பிஎஸ்-4 ஆகத்தான் இருக்கும். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிக்கொண்டு போய், ஸ்டிக்கர் அப்புறம், நிஜமான எண்ணைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கார்பன் மோனாக்சைடு ஒன்று, இரண்டு சதவீதம் என்று வந்தால் கலவை ரிச் என்பதில் வாதமே இல்லை, லீன் என்று சொல்லும் முன் சென்சார்தான் ஏமாறுகிறது அல்லது ஏமாற்றுகிறது. 0.1-க்குள் வந்தால் என் கணக்கு முழுவதையும் சந்தேகப்படுங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தால் காற்று கலந்து எண் குறைவாகக் காட்டும் என்பது ஒன்றுதான் இதில் பார்க்க வேண்டியது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இந்த 0.1–0.9 கணக்கு பெரும்பாலான நான்கு ஒயர் சென்சாருக்கு. முன் சென்சாரில் ஐந்து ஒயர் இருந்தால் அது வைட்பேண்ட் ரகம். அது ஊஞ்சலாடாது, நிலையாகத்தான் நிற்கும், அதன் நலத்தை வோல்டேஜ் ஆட்டத்தில் தேடக் கூடாது. புது வண்டிக்காரர்கள் 'ஆடவில்லையே' என்று பதறி மாற்றிவிட வேண்டாம்.

சரி, சென்சார் செத்தது என்றே முடிவானால் ஏன் செத்தது என்று பாருங்கள். ஹீட்டர் வைத்த சென்சாருக்கு 1,60,000 கிலோமீட்டர் வரை ஆயுள் எதிர்பார்க்கலாம். 88,000-ல் போனால் ஏதோ ஒன்று அதைத் தின்றிருக்க வாய்ப்பு அதிகம். கழற்றியதும் மூக்கைப் பாருங்கள். மைக் கறுப்பு என்றால் ரிச்சாக ஓடியது. அது விளைவு, காரணம் இல்லை. வெள்ளையாக மாவு பூசியது போல் இருந்தால் சிலிக்கான். சமீபத்தில் யாராவது டாப்பெட் கவரையோ ஆயில் சம்ப்பையோ கழற்றி பேஸ்ட் தடவி மாட்டினார்களா என்று யோசியுங்கள். காயும்போது புளித்த வினிகர் வாடை வரும் சாதாரண சிலிக்கான் பேஸ்டின் ஆவி பிரீதர் வழியாக இன்டேக்குக்குப் போய், எரிந்து, கண்ணாடிப் பொடியாகச் சென்சார் மேல் படிந்துவிடும். கூலன்ட் தண்ணீர் சிலிண்டருக்குள் கசிந்தாலும் வெள்ளைப் படிவு வரும்; ரேடியேட்டர் ரிசர்வாயரில் மட்டம் குறைகிறதா என்பது அதைக் காட்டிக் கொடுக்கும். செங்காவி நிறத்தில் இருந்தால் பெட்ரோலில் ஏதாவது ஆக்டேன் பூஸ்டர் ஊற்றினீர்களா என்று கேட்பேன். சாம்பல் கட்டியாகப் படிந்து, ஆயிலும் குறைந்துகொண்டே வந்தால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது, புதுச் சென்சாரும் அதே வழியில் போகும். நிறத்தை வைத்துச் சொல்வது ஜோசியம் மாதிரி ஆகிவிடக் கூடாது, ஒன்றோடொன்று கலந்தும் வரும். பின்னணியோடு சேர்த்துத்தான் நான் அதை நம்புவேன்.

பெட்ரோலில் ஊறப்போடுவது, ஆசிட்டில் கழுவுவது, டார்ச் வைத்துச் சுடுவது எல்லாம் வீடியோக்களில் நிறைய ஓடுகின்றன. மை மட்டும் படிந்திருந்தால் கலவை சரியானதும் சைலன்சர் சூட்டிலேயே எரிந்து போய்விடும், கழுவத் தேவையில்லை. சிலிக்கான் படிந்திருந்தால் எதில் கழுவினாலும் போகாது. ஆக இரண்டு வகையிலும் அது வெட்டி வேலை.

மாற்றும்போது இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கட்டும், முதல் நாளே திரெட்டில் துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். 22 எம்எம் ஸ்பேனர் போதும், பக்கவாட்டில் வெட்டு விட்ட சென்சார் சாக்கெட் இருந்தால் வேலை சுலபம். புதுச் சென்சாரின் திரெட்டில் பசை தடவியே வரும். வராவிட்டால் திரெட் இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை கொஞ்சமாக, மூக்கில் துளியும் படாமல். கீழே விழுந்த சென்சாரை மாட்டாதீர்கள், வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பீங்கான் விண்டிருக்கும். பழைய கப்ளரை வெட்டி யுனிவர்சல் சென்சாரில் ஒட்டுவதாகச் சொன்னால் ஈயம் வைத்துப் பற்றவைக்க விடாதீர்கள். பல சென்சார்களுக்கு வெளிக்காற்று அந்த ஒயர் இழைகளுக்கு நடுவேதான் போகிறது. ஈயம் அந்த வழியை அடைத்துவிடும். கப்ளருக்குள் கிரீஸ் அடைப்பதும் அதே தப்பு. என்னைக் கேட்டால் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் உங்கள் மாடலின் பார்ட் நம்பரோடு, கப்ளர் வைத்தே வரும் சென்சாரை பில்லோடு வாங்குவேன். 8,500-இல் பின் சென்சாரையும் சேர்த்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். அதை மாற்ற ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை, இந்த விஷயத்தில் உண்மையைச் சொன்னதே அதுதான்.

மாட்டியதும் பழுதுக் கோடை அழித்து டிரிம்மையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அழிக்காவிட்டால் பழைய +22 மெதுவாகத்தான் கரையும், அதுவரை வண்டி ரிச்சாகவே ஓடும். இரண்டு மூன்று நாள் டவுனிலும் பைபாஸிலும் ஓட்டிவிட்டு லாங் டெர்மைப் பாருங்கள். இ20 போட்ட வண்டியில் +5, +8 என்று நின்றால் நான் கவலைப்பட மாட்டேன். திரும்பவும் +20 பக்கம் ஏறினால் சென்சார் அதற்குக் காரணம் இல்லை என்று அர்த்தம். அதே ஒர்க்‌ஷாப்புக்கு பில்லோடு போய், காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே மேனிஃபோல்ட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.